மூழ்க வேண்டிய கிளிப்

அந்தத் தெருவில் எந்த வீட்டில் என்றைக்குத் துணி துவைப்பார்கள், யார் வீட்டுப் போர்வை எத்தனை வாரமாகத் தண்ணீரைப் பார்க்கவில்லை, பஸ் டிரைவரின் சீருடையில் எத்தனையாவது பொத்தான் காணோம் என்பதெல்லாம் கிளிப்பக்காவுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையானால் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிடுவாள். பன்னிரண்டு வீட்டுக் கொடிகளையும் அண்ணாந்து பார்த்து, கொடியில் இல்லாததை வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து, விரல்விட்டு எண்ணுவாள். வம்பளக்கிற குணம் அவளிடம் இல்லை. அதைத் தெருவில் மற்றவர்கள் ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எண்ணியதெல்லாம் கிளிப்புகளைத்தான். வீட்டுக்கு ஐம்பது வீதம் அவளே இனாமாகக் கொடுத்திருந்த இளம்பச்சைத் துணிக் கிளிப்புகள்.

தெருக்கோடியில் அவளுடைய தம்பியின் பட்டறை. பத்து வருஷமாக அங்கே சாதாரண பிளாஸ்டிக்கில் கிளிப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அச்சு ஒன்று, நிறம் ஒன்று, மெஷின் ஒன்று, சச்சரவு எதுவுமில்லை. அக்காதான் எங்கேயோ படித்துவிட்டு வந்து, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற மக்கும் பிளாஸ்டிக்கில்தான் இனி கிளிப் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்ற காலை அவள் கீழே வைப்பதாகக் காணோம் என்றதும், தம்பி பழைய கலவை மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து பின்னறையில் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து அந்த அறை அவளுடையது. வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த அறையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அரை கிராம் எடைக்கல்லை எடுத்துக் கொடுப்பாள்.

மக்காச்சோள பிளாஸ்டிக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. பார்க்கப் பளபளவென்று கெட்டியாக இருக்கும். கொஞ்சம் வளைத்தால் படக்கென்று ஒடிந்துவிடும். முதல் மாதம் வந்த கிளிப்புகள் பிஸ்கட்டின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி நடந்துகொண்டன. கம்பிச்சுருள் உட்காருகிற கழுத்தில் ஒரே முறிவு. பிறகு அவள் ஒரு தாவர எண்ணெயைக் கலந்து பார்த்தாள். கிளிப் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. அச்சிலிருந்து சூடாக எடுத்ததை அப்படியே தம்பியின் மூக்கு நுனியில் மாட்டிக் காட்டினாள் என்று சொல்லக் கேள்வி.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு வீடு, அறுநூறு கிளிப், நோட்டுப் புத்தகம் எல்லாம். இரண்டு மாதம் எண்ணினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு வீட்டில்கூட ஒரு கிளிப்கூடக் குறையவில்லை. எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் “பிரமாதம்” என்றார்கள். மாடி வீட்டுக்கார மாடியம்மா மட்டும் பிரமாதத்தோடு நிற்காமல், இந்த மாதிரி கிளிப்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவள் கையைப் பிடித்துப் பாராட்டினாள். பாராட்டுகிறபோது மாடியம்மா கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பது பின்னால்தான் கிளிப்பக்காவுக்கு உறைத்தது.

அந்த நோட்டை நம்பி, தம்பி ஒரு பெரிய கடை வரிசைக்குக் கொள்முதல் பார்க்கும் அம்மாவிடம் போய்ப் பேசினான். முதலில் இரண்டாயிரம் கிளிப் அனுப்புங்கள், பிடித்திருந்தால் மாதக் கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று அந்த அம்மா சொன்னாள். இரண்டாயிரமும் போயிற்று. ஆனால் தம்பிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. சாதாரண கிளிப்புக்கு மூலைக்கடையில் திடீரென்று கிராக்கி கூடியிருந்தது. எதற்கு இந்தத் தலைவலி, கலவை மெஷினை விலைக்குக் கேட்கிற ஆளுக்கே விற்றுவிட்டால் என்ன என்று அவன் நாக்கு நுனியில் அது எப்போதும் நின்றது. ஒரு நாள் சொல்லியும் விட்டான்.

“அக்கா, மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அந்தம்மா கையெழுத்து போட்டா மெஷின் உன்னோடது. போடலைன்னா அவனோடது. அவன் வந்து வாசக்கதவோட அகலத்தை அளந்துட்டே போயிட்டான்.”

“அளந்தது அளந்ததாவே இருக்கட்டும்,” என்றாள் கிளிப்பக்கா. அவ்வளவுதான் பேச்சு.

சரக்கு போன ஐந்தாம் நாள், மாதக் கடைசிக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கும்போது, அவள் மாடியம்மா வீட்டு மொட்டைமாடிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து கணக்கு விட்டுப்போயிருந்தது. மாடியம்மா ஒரு வாளியில் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டே, மூன்றாம் வீட்டு மருமகள் வேலைக்குப் போவதைப் பற்றி விரிவாக ஆரம்பித்திருந்தாள். கொடியிலிருந்து ஒரு கிளிப் நழுவி வாளிக்குள் விழுந்தது. விழுந்தது முங்கவில்லை. சொகுசாக மல்லாந்து மிதந்தது.

கிளிப்பக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இது மிதக்குது.”

“மிதந்தா என்ன, எடுத்து மாட்டு.”

“என் கிளிப் மிதக்காதுக்கா. போட்டா கல்லு மாதிரி உள்ள போகும். சாதா பிளாஸ்டிக்தான் மிதக்கும்.”

மாடியம்மா மூன்றாம் வீட்டு மருமகளை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கிளிப்பக்கா கொடியிலிருந்த ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் போட்டாள். அவசரமே இல்லாமல் போட்டாள். ஐம்பதில் நாற்பத்தொன்று மிதந்தன. ஒன்பதுதான் அடியில் போய் உட்கார்ந்தன.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அவளுடைய கிளிப்புகள் உடைந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. ஞாயிறு தோறும் நோட்டும் பேனாவுமாக அவள் ஆசையாக வந்து நிற்கும்போது அதைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. டிரைவரின் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மூலைக்கடையில் இவர்களுடைய பட்டறையின் பழைய கிளிப்பே விற்கிறது. அதே அச்சு, அதே பச்சை. உடைந்த இடத்தில் வாங்கி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பன்னிரண்டு வீடும் அப்படியே செய்தன. காலையில் தும்மினால் மத்தியானத்துக்குள் கடைசி வீட்டில் கஷாயம் சொல்லுகிற தெரு அது. அந்தத் தெருவின் சரித்திரத்தில் ஒரு ரகசியம் இரண்டு மாதம் ரகசியமாகவே இருந்தது அதுதான் முதல் தடவை. மூலைக்கடையில் சாதாரண கிளிப்புக்கு ஏன் கிராக்கி கூடியது என்பதும் இப்போது விளங்கிவிட்டது.

“உன் மூஞ்சி வாடிப்போகுமேன்னுதாண்டி,” என்றாள் மாடியம்மா. “கெட்ட எண்ணம் எதுவும் இல்ல.”

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகக் கெடுத்திருக்க முடியாது என்று கிளிப்பக்கா நினைத்துக்கொண்டாள்.  வீட்டுக்கு வந்து, சைக்கிள் கடை வைத்திருக்கும் தன் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே தனக்கும் அது தெரியும் என்றார். அவள் சந்தோஷமாக இருந்ததால் கலைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாராம். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. முதல் இரண்டு நாள் அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அழுது தீர்த்திருந்தால் தெருவுக்கு ஆறுதல் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். அவளோ மறுநாள் காலையிலேயே புது நோட்டோடு மாடியம்மா வாசலில் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கிளிப் என்றைக்கு உடைந்தது?

தேதி கேட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் மாடியம்மாவிடம் வேறொரு காலண்டர் இருந்தது.

“உன் நாத்தனார் வந்துட்டு கோவிச்சுக்கிட்டு பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனாளே, அன்னைக்கு மூணு. தையக்காரர் வீட்டுல தண்ணி மோட்டார் திருட்டுப்போச்சுன்னு கத்திட்டு அப்புறம் அவர் மச்சான்தான் எடுத்துட்டுப் போனான்னு தெரிஞ்சுதே, அன்னைக்கு அஞ்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட உடையலடி. சத்தியமா.”

நாத்தனார் கோபித்துக்கொண்டு போன தேதி கிளிப்பக்காவுக்கு மறக்கக்கூடியதா? கிளிப் கொடுத்து பதினோராம் நாள். மோட்டார் பதின்மூன்றாம் நாள். அவள் வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வராமலே போன நாள், இன்னொன்றில் டிரைவர் தன் பஸ்ஸையே தவறவிட்ட நாள் என்று தெருவின் மானம் முழுவதும் அந்த நோட்டில் ஏறியது. எல்லா வீட்டுச் சங்கதியும் ஒரே பதிலைத்தான் சொன்னது. முதல் பத்து நாள் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு படபடவென்று உடைந்திருக்கிறது.

வெயில்தான் காரணம் என்று தம்பி சொன்னான். அப்படியானால் வெளியே எடுக்காமலே வைத்திருந்தவை ஏன் உடைந்தன? டிரைவர் வீட்டில் இருபது கிளிப்புகளை அலமாரி இழுப்பறையில் செய்தித்தாள் விரித்துப் போட்டிருந்தார்கள். கிளிப்பக்கா ஒன்றை எடுத்து அழுத்தினாள்; கையோடு வந்தது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கிளிப் கிடந்த இடத்திலெல்லாம், கிளிப் வடிவத்திலேயே, பலகாரம் வைத்த தாள் மாதிரி எண்ணெய்க்கறை.

அவ்வளவு போதும் அவளுக்கு. கிளிப்பை மெத்தென்று வைத்திருந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே போய்விட்டது. குடித்தனம் பண்ணுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, பத்து நாள் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருக்கிறது. அவர்கள் பட்டறையில் கிளிப்பை எப்போதும் அச்சிலிருந்து எடுத்த சூட்டிலேயே வளைத்துப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பத்து வருஷப் பழக்கம். சாதாரண பிளாஸ்டிக்குக்கு அது போதும். இதற்கு முதல் நாள் பார்ப்பது, புது மாப்பிள்ளையின் குணத்தை மறுநாள் காலையிலேயே மெச்சிக்கொள்வது மாதிரி.

இதற்குள் அந்த இரண்டாயிரமும் கொள்முதல் அம்மாவின் அலுவலகத்தில் ஏழு நாள் முதிர்ந்திருந்தது. தம்பி வாயைத் திறக்கவே வேண்டாம் என்றான். அவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடலாம் இல்லையா? கிளிப்பக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சோப்புப் பொட்டலங்களும் துடைப்பங்களும் அடுக்கிய அறையில் கொள்முதல் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் எடுத்து ஒரு தரம் திருகிப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பாள்; பேனாவைக்கூட. கிளிப்பக்கா சுற்றிவளைக்கவில்லை. இன்னும் நாலைந்து நாளில் அனுப்பிய சரக்கு உடையத் தொடங்கும், திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன், மாதக் கடைசியில் வேறு கொண்டுவருகிறேன் என்றாள்.

“சொல்லாம இருந்திருந்தா?” என்று கேட்டாள் அந்த அம்மா.

“அடுத்த வாரம் நீங்களே கூப்பிட்டிருப்பீங்க. அப்ப நான் என்ன சொன்னாலும் காதுல ஏறாது.”

கொள்முதல் அம்மா யோசித்துவிட்டு நிபந்தனை சொன்னாள். புதுச் சரக்கிலிருந்து நூறு கிளிப்பைத் தானே கைவிட்டுப் பொறுக்குவாள். அவை முதிர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் இருபது தரம் முழுசாக அழுத்தித் திறக்க வேண்டும். நூற்றில் ஐந்து வரை உடையலாம். ஆறாவது உடைந்தால் பேச்சே கிடையாது.

முதிர வைக்கப் பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று உட்கார்ந்தால் மாதம் போய்விடும். பிளாஸ்டிக் குருணையை ஈரம் போகக் காயவைக்கிற பெட்டி ஒன்று பட்டறையில் இருந்தது. எண்ணெய்க் கிளிப்புகளைப் புதிதாக அடித்து, அந்தப் பெட்டியில் மிதமான சூட்டில் வைத்தாள். தினம் பத்து எடுத்து உடைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவை டிரைவர் வீட்டு இழுப்பறையில் கிடந்தவை போலவே முறிந்தன. ஆக, பெட்டியில் மூன்று நாள் என்பது தெருவில் பன்னிரண்டு நாள். உடைந்த குவியலைப் பார்த்து அவள் அந்த மொட்டைமாடி வாளிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தம்பி நினைத்தான்.

எண்ணெய்க்குப் பதிலாக, ஓடிப்போகத் தெரியாத ஒன்று வேண்டும். மக்கும் பிளாஸ்டிக்கிலேயே இன்னொரு ஜாதி உண்டு. ரப்பர் மாதிரி இழுத்த இழுப்புக்கு வரும். நூறு பங்கில் அதை இருபது பங்கு கலந்தாள். பெட்டியிலிருந்து வந்தபின் பாதி உடைந்தது. நாற்பது கலந்தாள்; ஒன்றும் உடையவில்லை, ஆனால் கிளிப் வாயைத் திறந்தால் மூட மறந்து கொட்டாவி விட்டது; ஒரு கைக்குட்டையைக்கூடப் பிடிக்கவில்லை. முப்பதில் பிடிப்பு இருந்தது. ஆனால் உடைந்த இடத்தை நகத்தால் கீறினால் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனி அடுப்பு வைத்திருக்கிற கதை. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். பஞ்சர் ஒட்டும்போது டியூபைச் சுரண்டி, நடுவில் பசை தடவினால்தான் ஒட்டும், அதுபோல இதற்கும் நடுவில் ஏதாவது போடக் கூடாதா என்று கேட்டார். இணைப்பான் என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் போன வாரமே எழுதிப் போட்டாயிற்று, நாளை வந்து சேரும் என்றாள் அவள். அவர் தன் அறிவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஆனாலும் அன்றிலிருந்து பேச்சு வார்த்தை தொடங்கிவிட்டது.

இணைப்பான் ஒரு சின்னப் பொட்டலத்தில் வந்தது. ஒரு கை அந்தப் பிளாஸ்டிக்கையும் ஒரு கை இந்தப் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்கிற பொருள். முதலில் இரண்டு பங்கு போட்டாள். பிடித்தது பிடித்தபடி விடவில்லை; உருகிய கலவை கெட்டியாகிக் கலவை மெஷின் ஊளையிட ஆரம்பித்தது. தம்பி பாதி டீயோடு ஓடிவந்து விசையை அணைத்தான். விற்கப்போகிற மெஷினை எரித்துவிடாதே என்றான். விற்கிற பேச்சை மாதக் கடைசிக்கு முன்னால் இந்த அறையில் எடுக்காதே என்றாள் அவள். கால் பங்கு போட்டாள். உரிவது குறைந்தது, நிற்கவில்லை. மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது அரைப் பங்கு போட்டாள். மூன்று நாள் பெட்டியில் இருந்து வந்த கிளிப்பைப் பிடித்து வளைத்தபோது கழுத்து வெளுத்து, நீண்டு, மெதுவாகத் திரும்பி வந்தது. உடைத்தே தீருவது என்று மேலும் முறுக்கினாள். கடைசியில் உடைந்த இடம் வழவழப்பாக இல்லாமல், கிழித்த துணியின் ஓரம் மாதிரி நார்நாராக இருந்தது. அந்த உடைந்த கிளிப்பை அன்று முழுவதும் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கொள்முதல் அம்மா வந்து மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டு நூறு பொறுக்கினாள். மூன்று நாளுக்குப் பன்னிரண்டு நாள் என்ற கணக்கைக் கேட்டுக்கொண்டு, காயவைக்கிற பெட்டிக்குள் அவற்றை வைத்து, கதவில் காகிதம் ஒட்டித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், மாதத்தின் கடைசி நாள், காலை பத்து மணிக்கு வந்து காகிதத்தைக் கிழித்தாள்.

நூறு கிளிப், ஒவ்வொன்றுக்கும் இருபது அழுத்து. முப்பது முடிவதற்குள் அந்த அம்மாவின் கட்டைவிரல் சிவந்துவிட்டது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாடியம்மாவையும் டிரைவரின் மனைவியையும் அவளே உள்ளே கூப்பிட்டு ஆளுக்கு ஒரு குவியல் கொடுத்தாள். அந்த இரண்டு பேர் கையிலா என்று தம்பிக்குப் பகீரென்றது.  கிளிப்பக்கா போய் எதிரில் உட்கார்ந்தாள்.

நாற்பதாவதில் ஒன்று உடைந்தது. ஐம்பத்தேழில் ஒன்று. எழுபதைத் தாண்டி டிரைவரின் மனைவி கையில் அடுத்தடுத்து இரண்டு. அவள் கொலைக்குற்றம் செய்தவள் போல விழித்தாள். மிச்சம் பத்து இருக்கும்போது மாடியம்மாவின் பக்கம் ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம்.

மாடியம்மா அந்தக் கையை மூடியபடியே மடிக்குக் கொண்டுபோனாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. கிளிப்பக்கா கவனித்தாள்.

“அக்கா, மேல வைங்க.”

“இது ஏற்கெனவே கொஞ்சம் விரிசல் மாதிரி…”

“இருக்கட்டும்க்கா. வைங்க.”

மாடியம்மா கையைத் திறந்து இரண்டு துண்டையும் மேசையில் வைத்தாள். ஐந்து. கொள்முதல் அம்மா மீதிப் பத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வலிக்கிற விரலை மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எண்ணி அழுத்தினாள். இருநூறு அழுத்து. தெருவில் பேசாமல் இருந்து பழக்கமில்லாத இரண்டு பேர் அவ்வளவு நேரமும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கிளிப் இருபதாவது தடவையும் திறந்து மூடியது.

அந்த அம்மா அதை ஒரு தரம் திருகிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். பிறகு தான் கொண்டுவந்திருந்த ஈரப் போர்வையின் நுனியில் நாலைந்தை மாட்டித் தூக்கிக் காட்டினாள். கிளிப்புகள் வழுக்கிக்கொண்டு வந்தன. சட்டை, துண்டு, குழந்தைத் துணி வரை சரி, போர்வை தாங்காது, அப்படியே அட்டையில் அச்சடித்துத்தான் விற்பேன், ஒப்பந்தமும் ஒரு வருஷத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்குத்தான் என்றாள். தம்பி ஏதோ பேரம் பேச வாயெடுத்தான். கிளிப்பக்கா சரி என்று தலையாட்டிவிட்டாள். கையெழுத்தாயிற்று.

தம்பி வாசலுக்குப் போய், மெஷினைக் கேட்டிருந்த ஆளுக்குப் போன் போட்டான். கதவின் அகலத்தையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று அவன் சொன்னது உள்ளே கேட்டது. கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். ஏதோ அவனே ஒற்றைக்காலில் நின்று காப்பாற்றியது போல.

மாடியம்மாவும் டிரைவரின் மனைவியும் தெருவுக்குச் செய்தி சொல்லப் பறந்தார்கள். ஐந்து உடைந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கிளிப்பக்கா அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

தம்பி திரும்பி வந்தபோது அவள் குருணை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்காவது நேரத்தோட வீட்டுக்குப் போயேன்க்கா.”

“இது காயறதுக்கு நாலு மணி நேரம் ஆகும்டா. இப்ப போட்டாத்தான் சாயங்காலம் கலக்க முடியும்.”

“என்னத்தை கலக்கப்போற? கையெழுத்துதான் ஆயிடுச்சே.”

“முப்பதுக்குப் பதிலா இருபத்தஞ்சு, இணைப்பான் முக்கால்,” என்றாள் அவள், பெட்டிக்குள் குருணையைச் சரித்துக்கொண்டே. “போர்வை வழுக்குதுடா.”